நாலாம் நம்பர் ரீல்

காலையில் பல் தேய்க்கப் போன லோகேஷ் "விஜி" என்று கூப்பிட்டபோது, யாரோ குடித்துவிட்டுக் கூப்பிடுவது போலிருந்தது. விஜி அடுப்பில் தோசையை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். அவன் வாஷ்பேசின் முன்னால் நின்றிருந்தான். வாயில் வைத்த தண்ணீர் நிற்காமல் இடது உதட்டோரமாக வழிந்து பனியனை நனைத்துக்கொண்டிருந்தது. கண்ணாடியில் தெரிந்த முகத்தில் வலது பாதி மட்டும் பயந்துபோயிருந்தது. இடது பாதி அசையவே இல்லை.

"இன்னா மாமா ஆச்சு?"

"தெர்ல. மூஞ்சி மரத்துப்போன மாரி கீது."

பக்கவாதம் என்றுதான் இருவரும் நினைத்தார்கள். காட்டுப்பாக்கத்திலிருந்து ஆஸ்பத்திரிவரை, மெட்ரோ தூண்களுக்கு நடுவே ஆட்டோ ஊர்ந்த நேரமெல்லாம், விஜி அவன் இடது கையை அழுத்திக்கொண்டே வந்தாள். அவன் திரும்ப அழுத்தினான். அந்தத் தைரியத்தில்தான் அழாமல் இருந்தாள்.

டாக்டரம்மா அவனை நெற்றியைச் சுருக்கச் சொன்னார், கையைத் தூக்கச் சொன்னார். "பக்கவாதம் இல்லம்மா. முகத்துக்குப் போற நரம்பு வீங்கியிருக்கு. முகவாதம்னு சொல்லுவோம். பெரும்பாலானவங்களுக்குச் சரியாயிடும்." எப்போது என்று கேட்டதற்கு, "அது அந்த நரம்புக்குத்தான் தெரியும்" என்றார். மாத்திரை எழுதினார். மூடாத கண்ணுக்குச் சொட்டு மருந்தும், தூங்கும்போது இமையை ஒட்டிவைக்கப் பிளாஸ்திரியும் கொடுத்தார்.

லோகேஷுக்கு வாய்தான் பிழைப்பு. ஆவடியில் போலீஸ் பேண்டில் பேக்பைப் ஊதுகிறவன் அவன். அணிவகுப்பில் வெள்ளைக் காலுறை போட்டு, காற்றுப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்து வருவான். கல்யாணமான புதிதில் ஒருமுறை அந்த வாத்தியத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து மொட்டை மாடியில் ஊதினான். தெருநாய்கள் ஊளையிட்டன. கீழ்வீட்டு ஹவுஸ் ஓனர் சாவித்திரி மாடிப்படியில் மூச்சு வாங்க ஏறிவந்து, "இன்னாடி விஜி, உம் புருசன் ஆட்ட உசுரோட அறுக்கிறானா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு அவன் அதைக் கொண்டுவரவில்லை. விஜியிடமும் ஒரு கிடார் இருந்தது. செம்பரம்பாக்கம் குடோனில் பார்சல் கட்டும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பழையதாக வாங்கி, ஃபோனைப் பார்த்தே கற்றுக்கொண்டது. பைப் சத்தத்துக்கு முன்னால் கிடார் யார் காதில் விழும்? இருவரும் சேர்ந்து வாசிப்பது என்ற பேச்சே எழவில்லை. கிடார் பீரோ மேலே ஏறிப் படுத்துக்கொண்டது.

லீவில் வீட்டிலிருந்த லோகேஷ் வாயைத் துண்டால் மூடிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். காபியை ஸ்ட்ரா போட்டுக் குடிக்க வெட்கப்பட்டு, விஜி வேலைக்குப் போன பிறகுதான் குடித்தான். அது அவளுக்குத் தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பேண்டின் தலைவர் ராஜசேகரன் ஆரஞ்சுப் பழங்களோடு வந்தார். அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"பைப்ப நெனைக்காத நைனா. சாண்டர எடு. பொயுதன்னிக்கும் செவுத்தப் பாத்துகினு இருந்தா நரம்பு வந்துருமா?"

சாண்டர் என்பது பையில்லாத பைப். சின்னக் கரும்புத் துண்டு நீளத்தில், கறுப்புக் குழல். விரல் பழக்கத்துக்கு வீட்டில் ஊதுவது. தகர டப்பாவுக்குள் மாட்டிய வண்டு மாதிரிதான் சத்தம் வரும். அவர் போன பிறகு லோகேஷ் அதை எடுத்து வாயில் வைத்தான். புஸ்ஸென்று உதட்டோரமாகக் காற்றும் எச்சிலும் தெறித்தன. மறுபடி ஊதினான். மறுபடியும் புஸ். குழலைக் கட்டிலில் வீசிவிட்டு, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

விஜி குழலை எடுத்துத் தன் துப்பட்டாவில் துடைத்தாள். "இன்னொரு தபா ஊது மாமா." அவன் தலையாட்டி மறுத்தான். அவள் விடவில்லை. அவன் குழலை வாயில் வைத்ததும், காற்று கசிந்த இடது உதட்டோரத்தைத் தன் ஆள்காட்டி விரலால் அழுத்திப் பிடித்தாள்.

சுரம் வந்தது.

நடுங்கி, பிறகு நேராகி நின்றது. விஜிக்கு அது காதுக்கு முன்னால் விரல் நுனியில்தான் தெரிந்தது. செத்துப்போனதென்று இருவரும் நினைத்திருந்த அந்தத் தோலுக்குள் ஒரு மெல்லிய அதிர்வு ஓடிக்கொண்டிருந்தது. தடுப்பூசி போட்டுவந்த குழந்தையின் நெஞ்சில் கை வைத்தால் படபடக்குமே, அப்படி. அவளுக்கு விரலை எடுக்க மனமில்லை.

"ஏதாச்சும் பாட்டு ஊதேன்."

"ரீல் ஒன்னு ஊதறேன்" என்றான் குழறலாக.

"நீ உடாத ரீலா?"

அவன் முகத்தின் வலது பாதி சிரித்தது. நோய் வந்த பிறகு முதல் சிரிப்பு. ரீல் என்பது எங்கோ ஒரு குளிர்தேசத்து ஜனங்கள் ஆடிய வேகமான ஆட்டப்பாட்டு என்றான். யார் கட்டினது என்று யாருக்கும் தெரியாது. அணிவகுப்பில் இதற்கு இடமில்லை, பேண்டு ரூமில் விரல் பழக மட்டும்தான். பெயர்கூட இல்லை. ராஜசேகரன் சார் இதை நாலாம் நம்பர் என்பார்.

மெதுவாக ஊதினான். மொத்தமே ஒன்பது சுரங்கள். ஒரே சுரம் அடுத்தடுத்து இரண்டு முறை வந்தால், பைப்பில் போலவே, நாக்கால் நிறுத்த வழியில்லை. நடுவே ஒரு விரலைச் சுண்டி எடுத்து இரண்டாக வெட்டினான். ஆனால் கொஞ்ச நேரத்தில் விஜியின் கை கடுத்துவிட்டது. அவள் யோசித்துப் பார்த்தாள். கண்ணுக்கு ஒட்டும் பிளாஸ்திரியில் ஒரு துண்டைக் கிழித்து அவன் உதட்டோரத்தில் இறுக்கி ஒட்டினாள். காற்று கசியவில்லை. இப்போது அவளுடைய இரண்டு கையும் சும்மா இருந்தன. நாற்காலி போட்டு ஏறிப் பீரோ மேலிருந்து கிடாரை இறக்கினாள்.

அவன் குழலின் சுரம் அவள் தந்தியில் எங்கேயும் ஒட்டவில்லை. எல்லாத் தந்தியையும் ஒன்றாக அமுக்கும் கிளிப்பை முதல் கட்டத்தில் மாட்டினாள். கிட்டே வந்தது. ஒவ்வொரு தந்தியாக மயிரிழை முறுக்கினாள். திடீரென்று இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. இரண்டும் சேர்ந்ததில் அறையில் மூன்றாவதாக ஏதோ ஒலி முனகியது. இருவரும் தலைநிமிர்ந்து பார்த்துக்கொண்டார்கள்.

"ஆரம்பி" என்றாள்.

தகதிமி தகதிமி என்று அவன் போக, அவள் சில தந்திகளைச் சேர்த்து அமுக்கும் ஒரே கார்டைப் பிடித்து மீட்டிக்கொண்டே போனாள். இரண்டு சுற்று ஒத்துப் போனது. ஓரிடத்தில் மட்டும் கசந்தது. பாட்டு அங்கே ஒரு படி கீழே காலெடுத்து வைப்பது போலிருந்தது. அடுத்த சுற்றில் அந்த இடம் வந்தபோது அவளும் கையை மாற்றி, ஒரு படி கீழேயுள்ள கார்டுக்கு இறங்கினாள்.

போரூர் பாலத்தில் பஸ் வேகமாக இறங்கும்போது வயிற்றிலிருந்து ஒன்று கழன்று மேலே வருமே, அது அங்கே நடந்தது. வண்டு ரீங்காரமாக இருந்த பாட்டுக்குக் கீழே ஒரு தரை விரிந்தது. அந்தத் தரையும் நகர்ந்தது. யாரென்றே தெரியாத ஆட்கள், எத்தனையோ தலைமுறைக்கு முன்னால், காலை உதைத்து ஆடின தரை. விஜியின் கண்ணில் நீர் முட்டியது. சோகமில்லை அது.

லோகேஷ் ஊதுவதை நிறுத்தினான். "இப்ப இன்னா பண்ண நீ?"

"கார்ட மாத்துனேன்."

"இத்தினி வருசமா இத ஊதிகினு கீறேன். இந்த எடத்துல பாட்டு எறங்குதுன்னே எனக்குத் தெரியாது விஜி." ஊதுகிறவன் தோள்மேல் நிற்கும் பைப்பின் மற்றக் குழல்கள் எப்போதும் ஒரே சுரத்தைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும். தன் பாட்டின் காலடி நகர்வதை அவன் அதுவரை கேட்டதே இல்லை. "இன்னொரு தபா" என்றான். பிறகு இன்னொரு தபா.

அன்றிலிருந்து சாயங்காலமானால் பிளாஸ்திரி, பிறகு நாலாம் நம்பர். சாவித்திரி ஒருநாள் மேலே வந்தாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று விஜி கிடாரைக் கீழே வைத்தாள். சாவித்திரி கதவருகிலேயே நின்று, "நிறுத்தாதடி. கீய படுத்துகினு கீறேன், என் காலு தானா ஆடுது. இன்னா எழவுன்னு பாக்க வந்தேன்" என்றாள்.

மார்கழி பிறந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வேகம் ஏறிவிட்டிருந்தது. லோகேஷ் கண்ணை மூடிக்கொண்டு ஊதினான். இரண்டு கண்ணும் மூடியிருந்ததை விஜி அப்போதுதான் கவனித்தாள். அடுத்த நொடி, வியர்வையில் நனைந்த பிளாஸ்திரி ஒரு பக்கம் பிரிந்தது. பிறகு முழுதும் கழன்று அவன் தாடையில் தொங்கியது.

பாட்டு நிற்கவில்லை.

அவனுக்குத் தெரியவில்லை. இடது உதட்டோரம் தானாகக் குழலைக் கவ்விப் பிடித்திருந்தது. நிறுத்தினால் அவன் கண்ணைத் திறப்பான், திறந்தால் கலைந்துபோய்விடும் என்று விஜி பயந்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு மீட்டினாள். கோயில் கதவு திறக்கும்போதுகூட அவள் அப்படி ஒன்றைப் பார்த்துக்கொண்டு நின்றதில்லை. கடைசிச் சுற்று முடிந்து அவன் குழலை எடுத்ததும், அவள் கை நீட்டி அந்தப் பிளாஸ்திரியைத் தாடையிலிருந்து எடுத்துக் காட்டினாள்.

அவன் அதைப் பார்த்தான். தன் உதட்டைத் தொட்டான். "எப்போ?"

"பாதியிலயே மாமா."

லோகேஷ் எழுந்துபோய் ஒரு வாய் தண்ணீர் எடுத்து, கன்னம் உப்ப வைத்துக்கொண்டு அவள் முன்னால் வந்து நின்றான். ஒரு சொட்டு சிந்தவில்லை.

தை முடிவதற்குள் அவன் டியூட்டிக்குப் போய்விட்டான். சிரித்தால் மட்டும் இடது பக்கம் கொஞ்சம் தாமதமாக வந்து சேரும். சாயங்கால வாசிப்பை அவர்கள் நிறுத்தவில்லை. பிறகொரு நாள் ராஜசேகரன் வந்து, ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு முழுதும் கேட்டார். போகும்போது லோகேஷின் செருப்பை மாற்றி மாட்டிக்கொண்டு படியிறங்கி, பாதியில் திரும்பி ஏறி வந்து தன்னுடையதைப் போட்டுக்கொண்டார்.

அன்று அவர் போன பிறகு லோகேஷ் சொன்னான்: "விஜி, நான் ஊதல. நீ கார்ட்ஸ் மட்டும் வாசி."

அவள் வாசித்தாள். மேலே ஒரு கார்டு, ஒரு படி கீழே ஒரு கார்டு. அவன் தரையில் சாய்ந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

"கேக்குதாடி?" என்றான் மெல்ல.

விஜி தலையாட்டினாள். யாரும் ஊதாத அந்த அறையில் நாலாம் நம்பர் முழுதுமாக ஓடிக்கொண்டிருந்தது.