இரு தரப்புக்கும் ஆட்சேபனை இல்லை

திருகோணமலைத் துறைமுக வாயிலுக்கு வெளியே அந்த எண்ணெய்க் கப்பல் வந்து நங்கூரம் போட்டபோது, அதன் பின்பக்கம் முழுக்கக் கரிந்துபோயிருந்தது. எங்கேயோ இரண்டு நாடுகள் அடிபட்டுக்கொண்டிருந்தன. ஒரு நாட்டின் கொடி கப்பலில் பறந்தது. மற்ற நாட்டின் ட்ரோன் அதன் மேல் விழுந்திருந்தது. அந்தச் சண்டையில் யார் சரி, யார் பிழை என்று அன்புவழிபுரத்துக் கீர்த்தனிக்குத் தெரியாது. அவளுடைய புருசன் கிருஷாந்த் அந்தக் கப்பலின் இயந்திர அறையில் வேலை செய்தான். அவளுக்கு அது போதும்.

கரையின் சிக்னல் எட்டியதும் அவனே அழைத்தான்.

“கீர்த்தி, இஞ்சயிருந்து கோணேசர் கோயில் தெரியுது.” மூச்சு வாங்கினான். “வயிறும் துடையும் நல்லா எரிஞ்சு போச்சு. கப்பலில மருந்து முடிஞ்சுது. என்னை இறக்கச் சொல்லி ஆரிட்டயாவது கேள்.”

இந்தக் கப்பல் விவகாரத்தைப் பார்க்கவென்றே கொழும்பிலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். கீர்த்தனி அவரிடம் ஓடினாள். நல்ல மனுசன். கதிரை போட்டு இருத்தி, தேத்தண்ணி வரவழைத்துக் கொடுத்தார்.

“தங்கச்சி, நாங்கள் நடுநிலை நாடு. கப்பலை உள்ள விட்டால் அடிச்சவை கோவிப்பினம். விடமாட்டம் எண்டு சொன்னால் கப்பல்காரர் கோவிப்பினம். அதாலதான் ஒண்டும் சொல்லாமல் இருக்கிறம்.”

“கப்பலின்ர கதையை விடுங்கோ சேர். என்ர மனுசனை மட்டும் இறக்குங்கோ. அவர் இந்த நாட்டு ஆள்தானே?”

“ஓம். ஆனால் அவையளின்ர சம்பளத்துக்கு நிண்டவர். அந்தக் கப்பலில இருந்து ஒருத்தரும் கரையில கால் வைக்கப்படாது எண்டு அடிச்ச நாடு சொல்லுது. இறக்கினால் எல்லாரையும் இறக்கு, இல்லாட்டி ஒருத்தரையும் விடமாட்டன் எண்டு கப்பல் கப்டன் நிக்கிறான். ரெண்டு தூதரகத்திட்டயும் கேட்டிருக்கிறம். பொறுமையா இருங்கோ.”

பொறுமை அவளிடம் இருந்தது. அவனுடைய உடம்பில் இல்லை. ஒவ்வொரு அழைப்பிலும் குரல் தேய்ந்துகொண்டே வந்தது. காயத்தில் மணம் வருகிறது என்றான். பிறகு அதைச் சொல்வதையும் விட்டுவிட்டான்.

சல்லிக் கிராமத்தில் கிருஷாந்தின் தாய்மாமன் தவராசாவுக்கு ஒரு ஃபைபர் படகு இருந்தது. கீர்த்தனி எரிகாய மருந்து, ஊசி, சேலைன் எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டிக்கொண்டு போய் நின்றாள்.

“பிடிச்சால் படகு போயிடும், பிள்ளை,” என்றார் அவர். சொல்லிக்கொண்டே படகைத் தண்ணீருக்குள் தள்ளினார்.

காலை வெயிலில் கப்பலின் அடி வரைக்கும் போய்விட்டார்கள். மேலே இரண்டு மாலுமிகள் ஒருவனைத் தாங்கிக்கொண்டு வந்து கம்பியோரம் நிறுத்தினார்கள். வெள்ளைத் துணியால் சுற்றியிருந்தார்கள். முகத்தைக் கண்ட பிறகுதான் அது தன் புருசன் என்று கீர்த்தனிக்கு விளங்கியது. அவன் கையைத் தூக்கப் பார்த்தான். தோளுக்கு மேல் அது எழவில்லை.

“கயித்தையாவது போடுங்கோ!” தவராசா கத்தினார். “மருந்துப் பையைக் கட்டிவிடுறம்!”

மேலே நின்ற கப்டன், எல்லாரையும் இறக்கும்வரை எதுவும் வேண்டாம் என்பதுபோல் தலையை ஆட்டி மறுத்தான். அதற்குள் கடற்படையின் காவல் படகு குறுக்கே வந்துவிட்டது. அதிலிருந்தவன் ஒலிபெருக்கியில் தமிழிலேயே சொன்னான்: “மருந்து குடுக்க ஏலாது. அது ஒரு பக்கத்துக்குச் செய்யிற உதவி. திரும்பிப் போங்கோ.”

கீர்த்தனி பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடியே நின்றாள். காவல் படகு அவர்களின் படகைக் கயிறு கட்டி இழுத்தபோது நிலைதவறி விழுந்தாள். பை கடலுக்குள் போனது. மேலே கிருஷாந்த் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதன் பிறகு வந்த அழைப்புகளில் அவன் அவளை “அம்மா” என்று கூப்பிடத் தொடங்கினான். தண்ணீர் கேட்டான். அவள் “இந்தா கொண்டுவாறன், இந்தா” என்று தொலைபேசிக்குள் சொல்லிக்கொண்டேயிருந்தாள். கடைசியில் அவனுடைய தொலைபேசியில் வேறொருவன் பேசினான்.

“சிஸ்டர்,” என்றான் அந்த அந்நியன், அழுதபடி. “ஃபினிஷ்.”

அன்று பின்னேரமே அதிகாரியின் வாகனம் வீட்டு வாசலில் வந்து நின்றது. அவர் முகத்தில் பாரம் இறங்கிய களை.

“தங்கச்சி, அனுமதி கிடைச்சிட்டுது. பிரேதத்தை இறக்க ரெண்டு பக்கமும் ஆட்சேபனை இல்லையாம். செத்தவர் எந்தப் பக்கமும் இல்லை எண்டு ரெண்டு பேரும் ஒத்துக்கொண்டிட்டினம். சண்டை தொடங்கினதில இருந்து அவையள் ஒத்துக்கொண்ட முதல் விசயம் இதுதான்.”

அவர் அதை ஆறுதலாகத்தான் சொன்னார்.

செத்தவீட்டுக்கு அவர் இரண்டு மலர்வளையங்களுடன் வந்தார். ஒன்று ஒரு தூதரகத்தினது, மற்றது மற்றதனது. ஒரே பூ, ஒரே அளவு. பெட்டியின் இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக வைத்தார்.

“இதில எது அடிச்சவன்ர?” என்று கீர்த்தனி கேட்டாள்.

“பேர் அட்டையளைக் கழட்டிப்போட்டுத்தான் கொண்டுவந்தனாங்கள். அதைச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை, தங்கச்சி.”

பெட்டியைத் தூக்க ஆட்கள் வந்தார்கள். கீர்த்தனி எழுந்து இரண்டு வளையங்களையும் எடுத்து அவருடைய இரண்டு கைகளிலும் மாட்டினாள். பறை முழங்க, தவராசா முன்னுக்குத் தோள் கொடுக்க, பிரேதம் வாசல் படலை தாண்டிப் போனது. பெண்கள் படலையோடு நின்றுவிட்டார்கள். அதிகாரி மட்டும் முற்றத்தில் கைகளை விரித்தபடி நின்றார்.

“இதுகளை நான் எங்க வைக்கிறது?” என்று மெல்லக் கேட்டார்.

“ரெண்டு பேரிட்டயும் கேளுங்கோ, சேர்,” என்றாள் கீர்த்தனி. “பதில் வரும் வரைக்கும் பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ.”

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.