ஏழு ஞாயிறு தள்ளிய பரிசோதனை

அன்று மாலை எங்கள் முன்னறையில் இருந்தவர்கள் ஐந்து பேர்: நான், என் தம்பி, அவன் மனைவி, எங்கள் தங்கை, தங்கையின் கணவர். வீட்டு விஷயம் படியைத் தாண்டக் கூடாது என்பது இந்தக் குடும்பத்தில் நான் போட்ட சட்டம். அதை அன்றுவரை யாரும் மீறியதில்லை.

தம்பி ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகன். ஞாயிறு காலைகளில் மன்றங்களில் பேசுவான். புற்றுநோய் வராமல் காக்க எந்த உணவு உதவலாம் என்பதே அவன் பேசும் பொருள். முட்டைக்கோஸ், தக்காளி, பூண்டு, பயறு, தீட்டாத தானியம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, கடைசியில் ஒன்றைச் சேர்ப்பான்: "சீட் பெல்ட் போட்டவங்களுக்கும் விபத்து நடக்கும். கட்டி, வலின்னு எது தெரிஞ்சாலும் டாக்டர்கிட்ட போங்க." அதைச் சொல்லும்போது பாதிக் கூட்டம் எழுந்து போய்க்கொண்டிருக்கும். போகிற வழியில்தான் அவன் மனைவியின் மேசை. வேகவைத்த காய்களைச் சிறு கிண்ணங்களில் போட்டு ருசி பார்க்கக் கொடுப்பாள். ஐம்பதை நெருங்கியவள், முகத்தில் ஒரு கோடு கிடையாது. அவன் சொன்னதைக் கேட்டார்கள். அவள் முகத்தைப் பார்த்துத்தான் நம்பினார்கள்.

அவளுக்குத்தான் மார்பில் கட்டி. குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டிருக்கிறது.

தங்கையின் கணவர் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்பவர். "மச்சான், ஊசியால கொஞ்சம் சதை எடுத்துப் பார்த்துடுவாங்க. நாலு நாள்ல தெரிஞ்சிடும்" என்றார்.

"காலையில முதல் ஆளா கூட்டிட்டுப் போறேன்" என்று தம்பி லீவு சொல்லப் போனை எடுத்தான்.

"எந்த ஆஸ்பத்திரிக்கு?" என்று கேட்டேன்.

"என் ஆஸ்பத்திரிக்குத்தான்ணே."

"நல்லா இருக்கு! வாசல்ல உன் படம் போட்ட போஸ்டர், உள்ள வரிசையில உன் பொண்டாட்டி. ஊருக்கு உபதேசம் பண்றவன் வீட்டு அடுப்படி லட்சணத்தைப் பாருன்னு சிரிக்க மாட்டாங்களா?"

"சிரிக்கட்டும் பெரியண்ணே" என்றாள் தங்கை. "பல்லு இருக்கறவன் சிரிக்கிறான். நமக்கு அண்ணி வேணும்."

"நீ சும்மா இரு. ஒப்புக்கிட்ட கூட்டம் மூணு இருக்கு. அதை முடிச்சிட்டு, நம்மளத் தெரியாத ஆஸ்பத்திரியா பார்த்துப் போகட்டும். மூணு வாரத்துல குடியா முழுகிடும்?"

"அண்ணே, இதுல மட்டும் வேணாம்ணே" என்றான் தம்பி. அப்பா போன பிறகு அவனைப் படிக்கவைத்தவன் நான். அதைச் சொல்லிக்காட்டினேன். போனைக் கீழே வைத்துவிட்டான்.

அவன் மனைவிதான் பேச்சை முடித்தாள். "விடுங்க, மாமா சொன்னபடியே இருக்கட்டும். இன்னும் மூணு வாரம் முட்டைக்கோஸ் வேகவைக்கணும், அவ்வளவுதானே? அந்த நாத்தத்துக்கே கட்டி ஓடிப்போயிடும்."

சிரித்தோம். தங்கை மட்டும் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

மூன்று ஞாயிறு ஏழாயிற்று. புதிதாக அழைப்பு வந்தது. மறுத்தால் காரணம் கேட்பார்கள் என்று நானே ஒப்புக்கொண்டேன். தம்பி ஒவ்வொரு வாரமும் கேட்டான். ஒவ்வொரு வாரமும் அதே பதிலைச் சொன்னேன். ஐந்தாவது கூட்டத்தில் ஒரு பெண்மணி தம்பி மனைவியின் கன்னத்தைத் தொட்டு, "நீங்க சாப்பிடறதைத்தான் நானும் சாப்பிடறேன். உங்களை மாதிரி இருந்தா போதும்" என்றாள்.

"அப்படியே வருஷத்துக்கு ஒருதரம் டாக்டரையும் பாத்துக்குங்க" என்று சொல்லி, இவள் கிண்ணத்தை இடது கையால் நீட்டினாள். வலது கையைத் தூக்க முடியவில்லை. முதல் வரிசையிலிருந்து அதைப் பார்த்தேன். பார்த்தும் பெருமையோடுதான் உட்கார்ந்திருந்தேன்.

ஏழாவது வாரம் முடிந்துதான் இரண்டு பஸ் மாறி ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அக்குள் வரைக்கும் போயிருக்கு. எப்ப தெரிஞ்சுது?"

"போன வாரம்" என்றேன் நான்.

"ஏழு வாரம், டாக்டர்" என்றாள் அவள். என் பக்கம் திரும்பவில்லை.

அறுவை செய்தார்கள், மருந்து ஏற்றினார்கள். முதலிலேயே வந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று பிறகு தனியாகக் கேட்டேன். "அதை யாரும் உறுதியா சொல்ல முடியாது. ஆனா வந்திருக்கணும்" என்றார் டாக்டர். பதினான்காம் மாதம் இறந்தாள்.

தம்பியை இப்போது எந்த மன்றமும் அழைப்பதில்லை. காய்கறிக் கடையில் அவன் நின்றால், "இதையே போட்டுத்தானே பொண்டாட்டியை அனுப்பிவச்சான்" என்று காதுபடப் பேசுகிறார்கள். பையை மாட்டிக்கொண்டு வந்துவிடுகிறான். யாரிடமும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. தங்கை இந்த வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். மாப்பிள்ளை தெருவில் கண்டால் தலையசைப்பதோடு சரி.

கீரையையும் காயையும் நம்பி, வைத்தியம் பார்க்காமல் அவன் மனைவியை வீட்டிலேயே வைத்திருந்தான் என்பது ஊர்ப்பேச்சு. அது பொய். கட்டி இருப்பது தெரிந்த மறுநாளே அவன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக இருந்தான். தடுத்தவன் நான்.