உள்பக்கத்தில் ஆறு முடி

1
இந்தக் கதை ஒரு புருவத்திலிருந்து கிடைத்தது. மாலை வகுப்பில் என் பக்கத்து நாற்காலிக்காரர் டோருன், புடோ நகரில் ஓவிய ஆசிரியை, காப்பி இடைவேளையில் சொன்னார்.

"எழுதிக்கலாமா?"

"அந்தப் பொண்ணு பேர மட்டும் மாத்திடு."

வில்டே என்று மாற்றினேன். [டோருனை மாற்ற மறந்துவிட்டேன்.]

2
முதல் தொடக்கம்: 'மனிதர் எல்லோரும் ஏதோ ஒரு முகமூடியை...'

வேண்டாம். இதை யார் வேண்டுமானாலும் எழுதுவார்கள்.

இரண்டாவது: எட்டாம் வகுப்பு, வியாழக்கிழமை. ஒருவர் முகத்தில் மற்றவர் மாவுக்கட்டுத் துணியை ஒட்டுகிறார்கள். காய்ந்த முகமூடியின் வெளிப்பக்கம் ஊருக்குத் தெரிந்த முகம், உள்பக்கம் தனக்கு மட்டும் தெரிந்தது. இரண்டையும் வரைந்தால்தான் பெற்றோர் கூட்டத்தன்று அது தொங்கும்.

வில்டேயின் இடது புருவத்தில் வாஸலின் தடவ அவளுடைய ஜோடி சிந்த்ரே மறந்துவிட்டான். பிய்த்தெடுத்தபோது அலறினாள்.

"பாவி! பாதிப் புருவம் போச்சுடா!"

"கத்தாத. இப்பத்தான் பாக்குற மாதிரி இருக்க."

3
வெளியே சிரித்த வாய் வரைந்தாள். உள்ளே ஒன்றுமில்லை.

"வரையலன்னா தொங்கவிட முடியாதே" என்றார் டோருன். அந்த ஊரில் ஆசிரியையையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

"உள்ள பாரு டோருன். என் முடி ஆறு ஒட்டியிருக்கு. அதுதான் நிஜமா என்னோடது. மேல பெயிண்ட் அடிச்சா அதுவும் போயிடும்."

"உங்கப்பா வராரு இல்ல?"

"அதுக்குத்தான் தொங்கவிடச் சொல்றேன். ஃபோன்ல நான் சிரிச்சா எல்லாம் நல்லா இருக்குன்னு நெனச்சுக்கிறாரு."

அப்பாவுக்கு நடுக்கடலில் எண்ணெய் எடுக்கும் மேடையில் வேலை. இதுவரை எல்லாக் கூட்டமும் அவர் கடலில் இருந்தபோதே நடந்தது.*

* பதின்மூன்று வயதில் இப்படிப் பேசுவாளா? டோருனிடம் கேட்டேன். "இன்னும் மோசமாப் பேசினா" என்றார்.

4
முடிவு அ: டோருன் தன் விதியைத் தானே மீறி, உள்ளே வரையாத முகமூடியைத் தொங்கவிடுகிறார்.
முடிவு ஆ: வில்டே வரைகிறாள். எழுதிப் பார்த்தேன். தூரிகை முதல் முடியைத் தொட்டதும்...

அ-வே இருக்கட்டும். ஒற்றை நூல், ஆள் உயரம். ஹெலிகாப்டர் இறங்கி நேரே வந்த அப்பா, முகமூடியின் எதிரே நிற்கிறார். மகளின் புருவத்தை இன்னும் கவனிக்கவில்லை.

"எப்பவும் சிரிச்ச முகம்! அப்படியே எங்க வில்டே!"

அவருக்குப் பின்னால் வில்டே, கையில் வாஃபிள் தட்டு.

இந்த இடத்தில் இடைவேளை முடிந்துவிட்டது. அடுத்த வாரம் டோருனிடம் மிச்சத்தைக் கேட்கலாம். கேட்கப்போவதில்லை. அப்பா அடுத்த முகமூடிக்கு நகரக் கால் எடுத்துவிட்டார். நூல் மெல்லிசு. நீங்கள் பக்கத்தில்தான் நிற்கிறீர்கள். லேசாக ஊதினாலே முகமூடி திரும்பிவிடும்.