த்ரீ பேஸ் வந்த நேரம்

திங்கட்கிழமை காலைக்குள் கணினி தயாராகிவிட்டால் சசிகலா வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம். இல்லையென்றால் ஓசூர் அலுவலகம், விடுதி. இன்னும் பால் மறக்காத குழந்தையை விட்டுவிட்டுப் போக வேண்டும்.

சேலத்தில் பாகங்களை வாங்கி வந்து அவளே பூட்டினாள். முதல் முறையே திரை ஒளிர்ந்தது. அலுவலகத்தின் சோதனை மென்பொருள் மட்டும் ஏற்கவில்லை. மதர்போர்டின் பயாஸ், கணினியைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருள், பழையது, புதுப்பிக்கவும் என்றது.

புதுப்பிக்கும்போது மின்சாரம் போகக் கூடாது. வீட்டில் யுபிஎஸ் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மின்தடை கிடையாது என்று விசாரித்துவிட்டுப் பென்டிரைவைச் செருகினாள். மின்சாரம் போவதைப் பற்றி மட்டுமே யோசித்திருந்தாள்.

பாதியில், பாசன மோட்டார்களுக்காகச் சில மணி நேரம் மட்டும் விடும் த்ரீ பேஸ் மின்சாரம் வந்தது. சுற்றியிருந்த கிணற்று மோட்டார்கள் எல்லாம் ஒன்றாக ஓடத் தொடங்கின. விளக்கு மங்கியது. திரை அணைந்தது.

பொத்தானை அழுத்தினாள். உள்ளே விசிறிகள் சுற்றின. திரை கறுப்பாகவே இருந்தது. போர்டில் இருந்த சின்ன பேட்டரியைக் கழற்றி மாட்டினாள். ரேமை மாற்றிச் செருகினாள். கறுப்பு.

பாகங்கள் விற்ற குமாரைப் போனில் பிடித்தாள்.

“லைட்டு எரியுதாங்க?”

“எரியுது. ஃபேனும் ஓடுது. டிஸ்ப்ளே மட்டும் வரல.”

“பயாஸ் பாதியில நின்னுருக்கும். போர்டக் கழட்டி அனுப்புங்க. சிப்புல திரும்ப எழுதணும். ஒரு வாரம் ஆவும்.”

“நாளைக்குக் காலைல வேணுங்க.”

“இன்னைக்கு ஞாயித்துக்கெழமைங்க” என்றார். வருத்தமாகத்தான் சொன்னார்.

அலுவலகத்துக்குச் செய்தி அனுப்பினாள். உடனே பதில் வந்தது. நாளை நேரில் வரவும்.

தக்காளி விற்கப் பாப்பாரப்பட்டிக்குப் போயிருந்த அவள் கணவன் வீரமணி, காலிக் கூடைகளோடு வந்தான்.

“என்ன ஆபீசரம்மா, மிசினு ரெடியா? ஐயா சந்தையில நின்னுக்கிட்டே நம்ம கெணத்து மோட்டார் போட்டுட்டன். போன்ல ஒரே அமுக்கு!”

அவள் கறுத்த திரையை அவன் பக்கம் திருப்பினாள்.

“என்னாச்சி சசி?”

“போச்சிங்க. த்ரீ பேஸ் வந்ததும் வோல்டேஜ் எறங்கிருச்சி.”

அவன் கையிலிருந்த போனைப் பார்த்தான்.

“நான் போட்டதாலயா?”

“ஊரே போட்டுச்சி.”

“இப்ப நிறுத்திரட்டா?”

“இனி நிறுத்தி என்ன? தக்காளிக்காவது பாயட்டும்.”

அவன் கூடைகளை ஓரமாக வைத்தான். பிறகு பரண் மேலிருந்த பயணப் பையை எடுத்துத் தூசி தட்டினான். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை.

இன்னொரு முறை பொத்தானை அழுத்தினாள். பெட்டிக்குள் விசிறி விளக்குகள் சிவந்தன, பின் நீலமாயின. குழந்தை தவழ்ந்து வந்து கண்ணாடியில் கை வைத்தது. நிறம் மாறும்போதெல்லாம் சிரித்தது.

அவள் கணினியை அணைக்கவில்லை.