மாமியார் சிலந்தி அல்லது இயக்குநர் சிலந்தி

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை என்னுடையது இல்லை. பல் வைத்தியரின் காத்திருப்பு அறையில், வீங்கிய கன்னத்தோடு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் சொன்னது. அருங்காட்சியகத்தில் சிலந்திகளை வகைப்படுத்துவது அவர் வேலை. அங்கே எல்லோரும் அவரைச் சிலந்தியார் என்றுதான் கூப்பிடுகிறார்களாம். பல்வலியோடு ஒரு மனிதர் இவ்வளவு பேசுவார் என்று நான் நினைக்கவே இல்லை. கதை சூடுபிடித்த இடத்தில் அவரை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

'மழைக்காட்டின் பச்சை இருளில், பொன்னிழை வலையின் நடுவே அவள்—'

அடச்சே! யாரோ பரிசு வாங்குவதற்காக எழுதியது மாதிரி இருக்கிறது. இன்னொன்று:

'சிலந்தியாருக்கு மாமியார் என்றால் பயம்.'

இது தேவலை. பொய்யும் இல்லை.

3

சிலந்தியாருக்கு மாமியார் என்றால் பயம். கல்யாணப் பேச்சு எழுந்தபோதே, "பூச்சி பிடிக்கிறவருக்கா என் பொண்ணைக் கொடுக்கணும்?" என்று கேட்டவர் அந்த அம்மாள். "சிலந்தி பூச்சி இல்லீங்க" என்று இவர் திருத்தினார்.* காரியம் இன்னும் கெட்டுப்போனது. கல்யாணம் எப்படியோ நடந்தது, முறைப்பு மட்டும் போகவில்லை. ஆகவே மழைக்காட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு புதிய வட்டவலைச் சிலந்தி கிடைத்ததும், குடும்ப சமாதானத்தை நினைத்து அதற்கு மாமியாரின் பெயரை வைத்து ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார்.

(*பூச்சிக்கு ஆறு கால், உடலில் மூன்று பாகம். சிலந்திக்கு எட்டுக் கால், இரண்டே பாகம்: தலையும் மார்பும் ஒட்டிய முன்பாகம், அதன் பின்னால் வயிறு. நூல் வருவது வயிற்றின் கடைசியிலிருந்து. இதையெல்லாம் நான் உட்கார்ந்து கேட்டேன், நீங்களும் கேளுங்கள்.)

மாமியார் அந்தக் கட்டுரையை மகளிடம் கொடுத்துப் படித்துச் சொல்லச் சொன்னார். 'வயிறு பெரியது, மஞ்சள் திட்டுகள் கொண்டது. கால்களில் அடர்ந்த மயிர். கண்கள் எட்டு, இரண்டு வரிசையில். நச்சுப்பற்கள் வலுவானவை.' கட்டுரையைத் தூக்கி மூலையில் போட்டார். ஆனால் மறுவாரமே அதிலிருந்த சிலந்திப் படத்துக்குச் சட்டம் போட்டு மாட்டிவிட்டார். காய்கறிக்காரரிடம்கூட, "உலகத்துல எவனா இருந்தாலும் இதை என் பேரைச் சொல்லித்தான் கூப்பிடணும்" என்று சொல்லி வைத்தார்.

அதே கட்டுரையின் எதிர்ப்பக்கத்தில் இன்னொரு புதிய இனம். மிளகு அளவு, பழுப்பு நிறம், மரப்பட்டையில் தனியாக நடந்துகொண்டிருந்தது. ஓய்வு பெறப்போகும் அருங்காட்சியக இயக்குநர், "பெரிசா எல்லாம் வேண்டாம்ப்பா, ஏதாவது சின்னதா ஒண்ணுக்கு என் பேரை வச்சா போதும்" என்று பலமுறை காதில் போட்டிருந்தார். சிலந்தியார் சின்னதற்கே வைத்தார்.

(அந்த நிஜப் பெயர்களை நான் எழுத மாட்டேன். எழுதினால் நானும் மாட்டிக்கொள்வேன். எப்படி என்று போகப்போகத் தெரியும்.)

4

மாமியார் பக்கம் இப்படி முடிந்தது: 'ஆண்: தெரியவில்லை.' இயக்குநர் பக்கம்: 'பெண்: தெரியவில்லை.'

எதிரெதிர்ப் பக்கங்கள். எழுதியவர் ஒரே ஆள்.

இந்த இடத்தில் எனக்கே என் பாத்திரத்தின் மேல் நம்பிக்கை போய்விட்டது. படித்த மனிதர் இவ்வளவு அசடாக இருப்பாரா? கேட்டேவிட்டேன். "என்னங்க பண்றது! பொண்டாட்டி யானையாட்டம், புருஷன் எலியாட்டம் இருந்தா யாருக்குத் தோணும்?" என்றார் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு. பருவம் வந்ததும் ஆண் வலை பின்னுவதை விட்டுவிட்டுப் பெண்ணைத் தேடி மரம் மரமாக அலையுமாம். அப்படி அலைந்த ஒன்றைப் பிடித்துத்தான் தனி இனம் என்று எழுதியிருக்கிறார்.

மறுபடி காட்டுக்குப் போனபோது ஒரு பெரிய வலையைப் பார்த்தார். நடுவில் மாமியார். மேல் மூலையில் நாலைந்து இயக்குநர்கள். இரண்டு வகையையும் உயிரோடு பிடித்துக்கொண்டு வந்தார்.

நுண்ணோக்கியில் வைத்தார். ஆணுக்கு வாயருகே இரண்டு குட்டிக் கைகள், நுனி புடைத்திருக்கும். அதுதான் சாவி. பெண்ணின் வயிற்றுக்கு அடியில் ஒரு தட்டு, அது பூட்டு. சிலந்தி ஆராய்ச்சிக்காரர்கள் இனத்தை அடையாளம் காண்பது பெரும்பாலும் இந்தப் பூட்டையும் சாவியையும் வைத்துத்தான். இங்கே இரண்டும் கச்சிதமாகப் பொருந்தின. போதாததற்கு, முதன்முதலில் பிடித்த மாமியாரின் பூட்டிலேயே ஒரு சாவி நுனி முறிந்து கிடந்தது. அதாவது இயக்குநரின்—

(மன்னியுங்கள். இந்த வாக்கியத்தை நான் முடிக்கப் போவதில்லை. இரண்டு பேருக்கும் குடும்பம் இருக்கிறது.)

5

ஓர் இனத்துக்கு ஒரு பெயர்தான் செல்லும். முதலில் அச்சானது நிற்கும். இரண்டும் ஒரே கட்டுரையில் ஒன்றாக வந்திருந்தால், முதன்முதலில் யார் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அச்சில் சொல்கிறாரோ அவர் வைத்ததே சட்டம். மற்றது செல்லாத பெயர்.

இதை எப்படிச் சொல்வது என்று சிலந்தியார் முழித்துக்கொண்டிருந்த நாளில், தன் சிலந்தியை நேரில் பார்க்க மாமியார் அருங்காட்சியகத்துக்கு வந்து நின்றார். தன்னுடையதைப் பார்க்க இயக்குநரும் வந்தார். கண்ணாடிக் கூண்டு ஒன்றுதான்.

"அப்பாடி, எவ்வளவு லட்சணமா இருக்கேன்!" என்றார் மாமியார். "மேல இருக்கிற தம்மாத்தூண்டு யாரு, மாப்பிள்ளை?"

"அது... சார்தான், அத்தை."

இயக்குநர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். "நான் அங்க என்னப்பா பண்றேன்?"

"காத்துக்கிட்டிருக்கீங்க, சார்."

"எதுக்கு?"

"அத்தை சாப்பிட ஆரம்பிக்கிறதுக்கு. அவங்க வாயில இரை இருக்கும்போது நீங்க கிட்ட போனாத்தான் தப்பிப்பீங்க. இல்லேன்னா உங்களையே..."

இயக்குநர் மாமியாரைப் பார்த்தார். ஓர் அடி தள்ளி நின்றுகொண்டார்.

சிலந்தியார் விதியைச் சொல்லி முடித்தார்.

"இங்க இருக்கிற ஒவ்வொரு புட்டியிலயும் என் கையெழுத்து இருக்குப்பா," என்றார் இயக்குநர். "ஒண்ணுலயாவது என் பேர் இருக்கட்டுமேன்னு பார்த்தேன்."

மாமியார் கூண்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வீட்டுக் கதவுல அவர் பேரு. அவர் போனப்புறம் பையன் பேரு. என் பேரை யாரும் கூப்பிடக்கூட மாட்டாங்க, அம்மா, அத்தை, அவ்வளவுதான். இந்த எட்டுக்காலுக்குத்தான் முழுசா அச்சடிச்சாங்க." பிறகு தணிந்த குரலில், "சாரும் பாவம்தான்" என்றார்.

"அப்போ விட்டுக்கொடுத்துடறீங்களா, அத்தை?"

"அதெப்படி?"

6

முடிவு அ: மாமியார் பெயர் நிற்கிறது. இயக்குநர் கடைசி நாளன்று காலி இழுப்பறையைத் திறந்து பார்த்துவிட்டு மூடுகிறார். (அழுகை வந்துவிட்டது. அடித்துவிட்டேன்.)

முடிவு ஆ: இயக்குநர் பெயர் நிற்கிறது. மாமியார் படத்தைக் கழற்றுகிறார். சுவரில் ஆணி மட்டும். (இதுவும் வேண்டாம்.)

முடிவு இ: காட்டில் வேறொரு புதுச் சிலந்தி கிடைக்கிறது, தோற்றவர் பெயரை அதற்கு வைத்து— இது பித்தலாட்டம். இருவருக்கும் வேண்டியது இந்தச் சிலந்திதான்.

7

"எந்தப் பேருன்னு நாளைக்குள்ள எழுதி அனுப்பணும்" என்று சிலந்தியார் சொல்லும்போதுதான் அவரை உள்ளே கூப்பிட்டார்கள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. என் முறை வந்தும் இன்னொருவரை முன்னால் அனுப்பிவிட்டு வாசலிலேயே நின்றேன். சிலந்தியார் வாய் நிறையப் பஞ்சோடு வெளியே வந்தார்.

"யார் பேருங்க? சொல்லிட்டுப் போங்க!"

"ம்ம்ம்ம்" என்றார். உள்ளங்கையை விரித்துக் காட்டினார். பிறகு மிளகு அளவுக்கு விரலைக் குவித்துக் காட்டினார். பிறகு இரண்டு கையாலும் என்னைக் கும்பிட்டுவிட்டுப் போயே போய்விட்டார்.

அந்தக் கும்பிடுக்கு என்ன அர்த்தம் என்று வீட்டுக்கு வந்துதான் புரிந்தது: தேர்ந்தெடுக்கிற வேலையை என் தலையில் கட்டிவிட்டார். தலைப்பைப் பாருங்கள். இரண்டு பெயரும் ஒரே தாளில், ஒன்றாக அச்சாகியிருக்கின்றன. மாமியார் முன்னால் நிற்கிறாரே என்று வாதாடாதீர்கள், வரிசையெல்லாம் செல்லாது. முதலில் யார் தேர்ந்தெடுக்கிறாரோ அவர் வைத்ததே சட்டம். எனக்குத் தைரியம் இல்லை.

பேனா உங்கள் கையில். ஒன்றை அடித்துவிடுங்கள். அடித்த பிறகு அந்த அம்மாள் வந்து கேட்டால், நான் ஊரில் இல்லை என்று சொல்லுங்கள்.