லோர்னாவின் ராத் கணக்கு

லோர்னா ஹவுட்டலாவும் நானும் ஏரிக்கரை விடுதியில் இருபத்திரண்டு வருஷம் அறை துடைத்தோம். ஒவ்வொரு மார்ச்சிலும் அவள் இரண்டாயிரம் டாலரைப் புருஷன் வெர்னிடம் கொடுத்து, "என் ராத் கணக்குல போட்டுடு" என்பாள். ஓய்வுக்காலத்துக்கான அந்த வகைக் கணக்கில், போடும் வருஷம் வரிச்சலுகை கிடையாது. வயதான பிறகு எடுக்கும்போது வரியே இல்லை. "கை ஓய்ஞ்ச வயசுல அரசாங்கத்துக்கு அழ முடியாதுடி" என்பாள் என்னிடம். வீட்டுக்கு வரும் காகிதங்களெல்லாம் வெர்ன் பொறுப்பு.

அறுபத்தொரு வயதில் அவளுக்குத் தோள்பட்டைத் தசை கிழிந்தது. வேலையை விடலாமென்று வங்கிக்குப் போனாள். நான்தான் கார் ஓட்டினேன். அங்கிருந்த பெண் திரையை இரண்டு தடவை பார்த்தாள்.

"மேடம், இதுல எழுபத்தொரு டாலர் இருக்கு."

"எழுபத்தோராயிரமா?"

"இல்ல மேடம். ஆரம்பிச்சப்போ போட்ட அம்பதுதான் வளர்ந்திருக்கு. அப்புறம் யாரும் எதுவும் போடல."

வீட்டில் வெர்ன் சூப் குடித்துக்கொண்டிருந்தான். கேட்டதும் முகம்கூட மாறவில்லை.

"என் பேர்ல, பழைய வகைக் கணக்குல போட்டேன். அதுல போட்ட வருஷமே வரி குறையும். அந்த மிச்சத்துலதானே படகு வாங்கினோம்?"

"வாங்கினோமா? நான் எத்தனை தடவை ஏறியிருக்கேன்?"

"புருஷன் பொண்டாட்டிக்குள்ள என்ன உன்னுது, என்னுது?"

"அப்போ என் பேருக்கு மாத்து."

"முடியாது. சட்டம் விடாது."

அது மட்டும் நிஜம். விவாகரத்துத் தீர்ப்பு இருந்தால்தான் ஒருவர் கணக்கை மற்றவர் பேருக்கு மாற்றலாம் என்று மறுநாள் வங்கியில் கேட்டபோதும் சொன்னார்கள்.

திரும்பி வரும்போது காரில் சொன்னாள்: "ஒரு வார்த்தை கேட்டிருந்தா சரின்னுகூட சொல்லியிருப்பேன்டி. அவனுக்குக் கேக்கணும்னே தோணல பாரு."

விவாகரத்து வழக்குப் போட்டாள். அப்போதுதான் இன்னொன்றும் வெளியே வந்தது: அந்தக் கணக்கில் வெர்ன் தன் சம்பளத்திலிருந்து ஒரு சென்ட்கூடப் போடவில்லை. அத்தனையும் அவள் துடைத்த காசு.

பதினாலு மாதம் கழித்து நீதிபதி முக்கால் பங்கை அவளுக்குக் கொடுத்தார். பழைய வகைப் பணம் என்பதால் எடுக்கும்போதெல்லாம் வரி பிடிக்கிறார்கள். "அவன் சலுகை வாங்கினான், நான் கட்டறேன்" என்கிறாள்.

இப்போது ரொட்டிக்கடை மாடியில் தனியாக இருக்கிறாள். காலையில் மட்டும் வேலைக்கு வருகிறாள், ஒற்றைக் கையால் படுக்கை விரிக்கிறாள். போன வாரம் அவள் சம்பளக் காசோலையையும் சேர்த்து வங்கியில் போட்டுவிட்டு வருகிறேன் என்றேன். காசோலையை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள். "வேண்டாம்டி, நானே போறேன்" என்றாள்.