ஏற்கெனவே உள்ளே இருக்கும் படகு

நாற்பத்தோரு படகுக்காரர்கள் பொய் சொல்கிறார்கள் என்று எழுதி, கீழே என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அந்த நாற்பத்தோரு பேரில் ஒருவர் என் அப்பா.

வெள்ளிக்கிழமை காலை. தஞ்சாவூரிலிருந்து வல்லம் போகும் சாலையில் ஒரு மாடியில் இருக்கிறது எங்கள் கம்பெனி. டவர் எங்களுடையது இல்லை, பெரிய கம்பெனியிடம் வாடகைக்கு எடுத்தது. கேட்வே மட்டும்தான் எங்களுடையது. மொபைல் டேட்டாவில் வரும் எந்தக் கருவியும் அந்த வாசலைத் தாண்டித்தான் இன்டர்நெட்டுக்குப் போக வேண்டும். யாரை உள்ளே விடுவது, யாரைத் தடுப்பது, எவ்வளவு நேரம் வைத்திருப்பது என்று அதில் எழுதி வைப்பது என் வேலை. வயலில் இருக்கும் பம்ப்செட்டை வீட்டில் உட்கார்ந்தபடி போனில் ஓடவிடுகிறார்களே, அந்தப் பெட்டிகளுக்குள் இருக்கும் ஆயிரக்கணக்கான சிம்கள் எங்கள் வாசல் வழியாகத்தான் போய்வருகின்றன. இந்த வருடம் மீன்பிடித் தடைக்காலம் முடிந்ததிலிருந்து விசைப்படகுகளும் சேர்ந்துகொண்டன. படகு போகும் வழியை ஒரு கருவி குறித்துக்கொள்ளும். நடுக்கடலில் சிக்னல் கிடையாது. அதனால் எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருந்து, கரைக்கு வந்ததும் மொத்தமாக அனுப்பும்.

நாற்பத்தோரு கருவிகள் எதையும் அனுப்பவில்லை.

"கிளம்புற வரைக்கும் தெரியுது பிரதீபா. அப்புறம் ஒண்ணுமே இல்லை" என்றார் வாஞ்சிநாதன் சார். எங்கள் தலைமை இன்ஜினியர். "அணைச்சுட்டு எல்லை தாண்டுறாங்கன்னு மீன்வளத்துறை அதிகாரி முடிவு பண்ணிட்டார். நம்ம பக்கம் கோளாறு இல்லைன்னு ஒரு வரி கேக்கறாங்க. இன்னைக்குச் சாயங்காலம் அந்தப் படகுகளுக்கு டோக்கன் கிடையாதாம்."

டோக்கன் வாங்காமல் விசைப்படகு கடலில் இறங்க முடியாது. சனிக்கிழமை தொழிலுக்குப் போக வெள்ளி மாலையே வாங்கிவிட வேண்டும். ஒரு படகு நின்றால் அதில் போகும் நாலைந்து பேர் வீட்டிலும் அடுப்பு யோசிக்கும்.

"நம்ம பக்கம் கோளாறு இல்லைன்னு யார் சார் பாத்தது?"

"மத்த படகெல்லாம் ஒழுங்கா வருதே. கேட்வே கெட்டிருந்தா எல்லாமே கெட்டிருக்கணும்ல?"

"நான் பாக்கலை. பாக்காம எழுத மாட்டேன்."

"உங்க ஊருங்கறதுக்காகப் பேசாதீங்க."

"எங்க ஊருங்கறதாலதான் சார் பேசறேன். ஒரத்தநாட்டுப் பக்கம் நாப்பத்தோரு பம்ப்செட் நின்னுருந்தா, விவசாயி பொய் சொல்றான்னு எழுதச் சொல்லுவீங்களா?"

அவருக்குச் சொந்த ஊர் ஒரத்தநாட்டுப் பக்கம். நிலமெல்லாம் கைமாறிவிட்டாலும் ஊர்ப்பாசம் கைமாறவில்லை. பக்கத்து மேஜையில் வாடிக்கையாளர் போன்களை எடுக்கும் சலாஹுதீன் பாய் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவர் புரையேறி இருமினார். வாஞ்சிநாதன் சார் கடிகாரத்தைப் பார்த்தார்.

"மதியம் வரைக்கும் பாருங்க. அப்புறம் நானே எழுதிக் குடுத்துடுவேன்."

அப்பாவுக்குப் போன் போட்டேன். அப்பா பேர் காயாரோகணம். கரையில் எல்லோருக்கும் அவர் சத்தம் தெரியும்.

"ப்பா, படகுல வச்சிருக்கற டப்பாவை அணைச்சியா?"

"கம்பெனிக்காரி கேக்குறியா, எம் மவ கேக்குறியா?"

"கம்பெனிக்காரி."

"அப்ப நீ வச்சுடு. எம் மவளைப் பேசச் சொல்லு."

"சரி, மவதான் கேக்குறேன். சொல்லுப்பா."

"அணைக்கலைடி. அணைச்சா தப்புன்னு நீதானே சொன்ன? அதுக்குன்னு தனியா ஒரு பேட்டரியே போட்டு வச்சிருக்கேன். கரைக்கு வந்து பாத்தா செவப்பு வெளக்கு. அன்னையிலேருந்து செவப்புதான். கூத்தக் கேளு, வீரையனுக்குப் பச்சை எரியுது! அந்தப் பய நாலு பாகம் ஆழம் தாண்டுறதுக்குள்ள, கரை பக்கத்துல இருக்கையிலயே அணைச்சுப்புடுவான், பேட்டரி தீந்துருமாம். திரும்பி வரையில போடுவான். அணைச்சவன் யோக்கியன், அணைக்காதவன் களவாணி. நல்லா வச்சிருக்கீங்கடி கம்பெனி!"

நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்.

"ப்பா, திரும்பச் சொல்லு. வீரையன் மாமா சிக்னல் இருக்கையிலயே அணைக்குதா?"

"ஆமா. அதான் சொல்லுறேன்ல."

"நீ படகுக்குப் போ. போனைக் கையிலயே வச்சுக்க."

அப்பா படகின் சிம் எண்ணைக் கேட்வேயில் போட்டுத் தேடினேன். வந்த பதிலைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. படகு கரையில் கட்டிக் கிடக்கிறது, கருவியில் சிவப்பு விளக்கு. கேட்வேயோ அந்தப் படகு போன சனிக்கிழமையிலிருந்து உள்ளேயே இருக்கிறது என்கிறது! அதற்குக் கீழே சில நிமிடத்துக்கு ஒரு வரி, பக்கம் பக்கமாக ஒரே வரி: இந்த சிம் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது, புதிதாக வந்தது மறுக்கப்பட்டது.

"பாய், இங்க வாங்க."

சலாஹுதீன் பாய் வந்து எட்டிப் பார்த்தார். "என்னம்மா இது, வீட்டுக்காரனே வாசல்ல நின்னு கதவைத் தட்டுறான், வீட்டுக்காரன் உள்ள இருக்கான், நீ யாருடான்னு கேக்குது?"

"உள்ள யாருமே இல்ல பாய். அதுதான் கூத்து."

நடந்தது இதுதான். கருவியை முறையாக அணைத்தால் அது கேட்வேயிடம் 'போய்வருகிறேன்' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் அணையும். வீரையன் மாமாவின் கருவி சிக்னல் இருக்கும்போதே சொல்லிக்கொண்டு போனது, திரும்பி வந்தபோது கதவு திறந்தது. அப்பாவின் கருவி எரிந்துகொண்டே டவர் எட்டாத தூரத்துக்குப் போய்விட்டது. யாரிடம் சொல்லிக்கொள்வது? பதில் இல்லாதவனை எவ்வளவு நேரம் கழித்துக் கணக்கிலிருந்து எடுப்பது என்று கேட்வேயில் ஒரு டைமர் உண்டு. அதில் பூஜ்யம் போட்டிருந்தது. பூஜ்யம் என்றால் எடுக்கவே எடுக்காதே என்று அர்த்தம். அதற்கு அடுத்த வரி: உள்ளே இருக்கும் சிம்மின் பேரில் இன்னொருவன் வந்தால் அவன் திருடன், விடாதே.

கிட்டத்தில் சிக்னலுக்குள்ளேயே தொழில் செய்தவர்கள் தப்பித்தார்கள். அணைத்தவர்கள் தப்பித்தார்கள். தூரம் போய், சொன்ன பேச்சைக் கேட்டு, அணைக்காமல் வந்த நாற்பத்தோரு பேர்தான் திருடர்கள். மாதம் ஒருமுறை கேட்வேயை ரீஸ்டார்ட் செய்யும்போது எல்லாம் அழிந்து சரியாகிவிடும். அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அந்த வரிகளை யார் எழுதியது என்று பார்த்தேன். வாஞ்சிநாதன். பம்ப்செட்டுகளுக்காக எழுதியது.

பம்ப்செட்டுக்கு அது சரியான எழுத்து, அதையும் சொல்லிவிடுகிறேன். திருத்துறைப்பூண்டிப் பக்கம் பம்ப்செட் பெட்டியிலிருந்து சிம்மை உருவிப் போனில் போட்டுக்கொண்டு படம் பார்த்தார்கள். அதைத் தடுக்கத்தான் திருடன் வரி. பம்ப்செட் எங்கேயும் போகாது, கரண்ட் போனாலும் பெட்டிக்குள் பேட்டரி உண்டு, அதனால் டைமரில் பூஜ்யம். நிலத்தை மட்டுமே பார்த்தவர் நிலத்துக்காக எழுதியது. அதை அப்படியே நகலெடுத்துப் படகுகளுக்கும் ஒட்டிவிட்டார்கள். போய்த் திரும்புகிற ஒரு பிழைப்பு உலகத்தில் இருக்கிறது என்பதே அந்த வரிகளுக்குத் தெரியாது.

அவர் அறைக்குப் போய் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினேன். மேலிருந்து கீழே படித்தார். மறுபடி மேலே போனார்.

"இது நான் எழுதுன கான்ஃபிக்" என்றார்.

"ஆமா சார்."

"அந்த வரியை எடுத்துட்டா சிம் திருட்டு ஆரம்பிச்சுடுமே."

"எடுக்க வேண்டாம். பம்ப்செட்டைத் தொடவே வேண்டாம். படகு சிம்முக்கு மட்டும் தனியா எழுதுறேன். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு நம்பர் இருக்குல்ல? வாசல்ல நிக்கறது அதே சிம், அதே கருவின்னா பழைய இணைப்பைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசா உள்ள விடு. சிம் அதே, கருவி வேறன்னா திருடன். டைமரையும் ரெண்டு மணி நேரம்னு வச்சுடறேன்."

சரியென்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அது எனக்குத் தெரிந்துவிட்டது என்பதும் அவருக்குத் தெரிந்துவிட்டது.

"ராத்திரி பண்ணலாம்" என்றார். "பகல்ல ஓடுற கேட்வேயில கை வைக்கக் கூடாது. நீங்களே கையெழுத்துப் போட்ட விதி அது."

"டோக்கன் சாயங்காலம் சார்."

"ஒரு வரி தப்பாப் போனா மொத்தப் பம்ப்செட்டும் நிக்கும். நடவு நடந்துகிட்டிருக்கு. புரியுதா?"

"நிக்காது."

"எப்படிச் சொல்றீங்க?"

"எழுதப்போறது நான்."

திமிர் என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும். எங்கள் தெருவில் முதன்முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். அங்கே யாரும் எனக்கு எதையும் இரண்டாவது தடவை சொல்லித் தரவில்லை. தெரியாததைத் தெரியாது என்று கேட்டால் சிரிப்பார்கள் என்பதால் தெரிகிறவரை படித்தேன். கேட்வேயின் கையேட்டை முழுக்கப் படித்தது இந்த ஆபீசில் நான் ஒருத்திதான். தெரியும் என்பதைத் தெரியும் என்று சொல்ல நான் ஏன் கூச வேண்டும்?

அவர் மேலிடத்துக்குப் போன் போட்டு அனுமதி வாங்கினார். பிறகு என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். "பழைய கான்ஃபிக்கை எடுத்து வச்சுக்கிட்டீங்களா?"

"வச்சாச்சு."

படகு சிம்களைத் தனிக் குழுவாகப் பிரித்தேன். வரிகளை எழுதினேன். அவர் தோளுக்கு மேலிருந்து ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார். ஓரிடத்தில், "அந்தக் குழு பேரைச் சரிபாருங்க" என்றார். பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் அவர் சொன்னது நல்லது. விரலை ஒருமுறை சட்டையில் துடைத்துக்கொண்டேன். என்டரைத் தட்டினேன்.

திரையின் ஓரத்தில் இணைந்திருக்கும் பம்ப்செட்டுகளின் எண்ணிக்கை ஓடும். அப்பாவைப் போனில் பிடித்து வைத்திருந்த சலாஹுதீன் பாயும் சேர, மூவரும் அதையே பார்த்தோம். அசையவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தோம். அப்படியே நின்றது.

அப்பா படகின் வரி வந்தது. அதே சிம். அதே கருவி. பழைய இணைப்பு நீக்கப்பட்டது. அனுமதிக்கப்பட்டது.

சலாஹுதீன் பாய் காதில் வைத்திருந்த போனில் அப்பா கத்தியது எனக்கே கேட்டது. "பச்சைடா! பச்சை வந்துருச்சுடா!"

வரைபடத்தில் கரையிலிருந்து ஒரு கோடு கிளம்பியது. தென்கிழக்கே போய், வலை இழுத்த இடத்தில் வளைந்து வளைந்து சுற்றி, மறுபடி கரைக்கு வந்தது. ஒரு வாரமாக அந்த டப்பா நெஞ்சில் வைத்துக்கொண்டிருந்தது எல்லாம் கொட்டியது. பிறகு மற்றப் படகுகள். ஒன்று, நாலு, பத்து. வெறும் நீலமாகக் கிடந்த கடல் கோடுகளால் நிறைந்தது. ஒரே ஒரு படகு எல்லைக் கோட்டுக்கு அருகே போய்ச் சட்டென்று திரும்பியிருந்தது. ஒன்றுகூடத் தாண்டவில்லை.

"இவ்வளவு தூரமா போறாங்க?" என்றார் வாஞ்சிநாதன் சார். அவர் அதைக் கேட்ட விதம் எனக்குப் பிடித்தது.

ஆனால் அவர் தயார் செய்த கடிதம் பிடிக்கவில்லை. 'சிறு தொழில்நுட்பக் கோளாறு சரிசெய்யப்பட்டது' என்று இருந்தது.

"யாரோட கோளாறு சார்?"

"அதான் சரியாயிடுச்சே பிரதீபா."

"டோக்கன் சரியாயிடும். களவாணின்னு சொன்னது அப்படியே நிக்கும்."

அவர் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். ஆபீஸ் காரில் கரைக்குக் கிளம்பினோம். ஒரத்தநாடு தாண்டும்போது ஜன்னல் பக்கம் திரும்பி நட்ட வயல்களையே பார்த்துக்கொண்டு வந்தார்.

டோக்கன் கொடுக்கும் ஷெட்டுக்கு முன்னால் கூட்டம். மீன் ஏலம் எடுக்கும் ஆனந்தவல்லி அத்தை என்னைப் பார்த்ததும், "வாடி கம்பெனிக்காரி! அப்பனுக்கே ஆப்பு வச்சுட்டு எந்த மூஞ்சியோட வந்த?" என்றாள்.

"மூஞ்சி இதுதான் அத்தை. வேற வாங்கித் தா" என்றேன்.

அதிகாரியிடம் அவர் மொபைலிலேயே கோடுகளைக் காட்டினேன். ஒவ்வொரு படகாகத் தள்ளிப் பார்த்தார். "ஓ, டெக்னிக்கல் ப்ராப்ளமா? சரி சரி. போனாப் போகுது, எல்லாருக்கும் டோக்கன் குடுத்துடலாம்" என்றார்.

போனால் போகிறதாம்! நான் வாயைத் திறப்பதற்குள் வாஞ்சிநாதன் சார் முன்னால் வந்தார். பையிலிருந்த கடிதத்தை எடுக்கவில்லை.

"ப்ராப்ளம் எங்க கேட்வேயில சார். பம்ப்செட்டுக்கு நான் எழுதுனதைப் படகுக்கும் போட்டுட்டோம். இவங்க யாரும் அணைக்கலை. அணைக்காததாலதான் மாட்டுனாங்க. கண்டுபிடிச்சதும் திருத்துனதும் எங்க பிரதீபா. ஒரு வரி பிசகியிருந்தா டெல்டாவுல பாதிப் பம்ப்செட் நின்னுருக்கும், பட்டப்பகல்ல பண்ணாங்க. எழுத்துல நாளைக்கே தர்றேன்."

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கோபத்துக்கு வேலை இல்லாமல் போனால் கைகளை எங்கே வைப்பது என்று யாரும் சொல்லித் தரவில்லை.

அதிகாரி முதல் பெயரைக் கூப்பிட்டார். "காயாரோகணம்!"

அப்பா முன்னால் போனார். டோக்கனுக்குக் கையை நீட்டவில்லை.

"என்னய்யா, வாங்கிக்குங்க."

"வாங்குறேன் சார். அணைச்சேன்னு எல்லார் முன்னாடியும் சொன்னீங்க. அணைக்கலைன்னும் சொல்லிடுங்க. அதைக் கேட்டுட்டு வாங்கிக்கறேன்."

பின்னால் நாற்பது பேர் நின்றார்கள். ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. அதிகாரி பேனாவை மூடினார், திறந்தார்.

"நீங்க யாரும் அணைக்கலை. போதுமா?"

"போதும் சார்" என்று அப்பா டோக்கனை வாங்கிக்கொண்டார்.

கூட்டத்தின் கடைசியில் நின்ற வீரையன் மாமாவைப் பார்த்து யாரோ, "நீதான்டா அணைச்ச ஒரே ஆளு" என்று சொல்ல, ஷெட் அதிரச் சிரிப்பு. ஆனந்தவல்லி அத்தை என் கன்னத்தைக் கிள்ளினாள், மீன் வாசனையோடு.

அப்பா என்னிடம் வந்தார். டோக்கனை மடித்து இடுப்பில் செருகினார். பாராட்டிப் பழக்கமில்லாதவர். எங்கேயோ பார்த்துக்கொண்டு கேட்டார்.

"பம்ப்செட்டு ஒண்ணும் நிக்கலையே?"

"ஒண்ணுகூட நிக்கலைப்பா."

அவர் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். அந்தச் சத்தம் நிச்சயம் அடுத்த கரை வரை கேட்டிருக்கும்.

"ஒண்ணுகூட நிக்கலையாம்டா!"